மூடியைத் திறந்தது யார் என்று கேட்டார்கள்

மகன் இசக்கிக்கு,

உன் நீலக் காகிதக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல உன் அம்மாவின் பெயருக்குத்தான் வந்தது. வழக்கம்போல நான்தான் அவளுக்கு வாசித்தேன். நீ கப்பல் ஏறிய நாளிலிருந்து இந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு. நீ அவளுக்கு எழுதுவாய், அவளுக்கு எழுத்துத் தெரியாது, நான் வாசிப்பேன். அவள் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதுவேன். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. "உங்க அப்பா சுகம்" என்று அவள் சொன்னால் "உங்க அப்பா சுகம்" என்றே எழுதினேன். "நான் சுகம்" என்று எழுதியதில்லை. உன்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தவன் காகிதத்தில் மட்டும் பேசுவானா?

இந்தத் தடவை நான் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தபோது உன் அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "அவன் எங்கிட்டயா கேக்கான்?" என்றாள். "எனக்குக் கோர்ட்டும் தெரியாது, கச்சேரியும் தெரியாது. யார்ட்ட கேக்கான்னு உங்களுக்குத் தெரியலியா? இந்தத் தடவ நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே எழுதுங்க." எனக்கு எழுத ஒன்றும் இல்லை என்றேன். "இல்லாமலா ஸ்டவ்வப் பத்தவச்ச பொறவும் தீக்குச்சியக் கையில பிடிச்சுகிட்டு நிக்கீய? விரல் சுடும், போடுங்க" என்றாள்.

எனவே எழுதுகிறேன். இதன் ஒரு பிரதியை மாதுங்காவில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. உன்னை நான் பேசியது நாலு சுவருக்குள் அல்ல. தீர்ப்புக் கேட்டுத் திரும்பிய அன்று குழாயடியில், குடத்தோடு வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "இவன் எனக்குப் பொறந்தவன் இல்ல, முனிசிபாலிட்டிக்குப் பொறந்தவன்" என்று சொன்னேன். நீ காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாய். ஊர் கேட்கச் சொன்ன சொல்லுக்குப் பக்கத்தில் இதுவும் ஊர் கேட்கவே இருக்கட்டும். ஆனால் இது மன்னிப்புக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தவை உனக்குத் தெரியும். பத்திரிகையில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீயும் ஒருமுறை என் வாயால் கேள்.

தாராவியில் நம் சந்து எப்படி இருக்கும் என்பது உனக்கு மறந்திருக்காது. பெரிய ரோட்டிலிருந்து இறங்கியதும் சுடலை அண்ணாச்சியின் வெற்றிலைப் பாக்குக் கடை, அதற்கு எதிரே சந்தின் வாய். இரண்டு பக்கமும் தகரமும் ஓடும் போட்ட வீடுகள். ஒவ்வொரு வாசலையும் ஒட்டி, மூடி இல்லாத சின்னச் சாக்கடை, நாம் சொல்கிற கட்டர். பிள்ளைகள் அதில் கால் வைத்து முறித்துக்கொள்ளக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுப்போம்: ஓரத்தில் போகாதே, நடுவில் நட. நீயும் அப்படித்தான் நடந்தாய், உன் தங்கை செல்வியும் அப்படித்தான் நடந்தாள். சந்தின் வாயில், சரியாக நடுவில், முனிசிபாலிட்டி போட்ட இரும்பு மூடி இருந்தது. அதன் கீழே ஆள் ஆழத்துக்குப் பெரிய கட்டர். அது நாலாவில், அந்தப் பெரிய கழிவுநீர் ஓடையில், போய்ச் சேரும், நாலா மாகிம் கழிமுகத்தில் போய்ச் சேரும். மழைக்கு முன்னால் தூர் வாரினால் ஓரத்துச் சல்லடை வழியாகவே தண்ணீர் இறங்கிவிடும். வாராவிட்டால் சல்லடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வரும். கட்டில் கால் முங்கும், அரிசிப் பானை மிதக்கும். வருஷா வருஷம் மனுக் கொடுத்தோம். அந்த மனுக்களை எழுதியது நான். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், கிழிந்த ஆங்கிலப் பேப்பரை எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே கற்ற ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் வந்ததில்லை.

எனவே சந்துக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பம்பாயில் பாதிச் சந்துகளில் அதுதான் வழக்கம். தண்ணீர் முழங்கால் ஏறினால் யாரையும் கேட்பதில்லை. கடப்பாரையால் நெம்பி மூடியைத் தூக்கிச் சாய்த்துவிடுவோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். குழி இருப்பது தெரிய வேண்டுமே என்று ஒரு மூங்கிலை அதற்குள் இறக்கி, தலையில் சிவப்புத் துணி கட்டுவோம். "கம்பு நட்டாச்சு!" என்று ஒருவன் கத்துவான். அத்தோடு எல்லோரும் தத்தம் வீட்டுத் தண்ணீரை இறைக்க ஓடிவிடுவோம். கம்பு நின்றால் காவல் நிற்கிற மாதிரி. அதை யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அன்றைக்கு மழை விடியும்போதே கொட்டத் தொடங்கியது. நீ வார்டு ஆபீஸுக்கு ஓடினாய். ஆட்களை அனுப்புகிறோம் என்று சொன்னார்களாம். நீ நனைந்துகொண்டு தனியாகத் திரும்பி வந்தாய். காத்துப் பார்த்தோம், யாரும் வரவில்லை. கடப்பாரையை நான் பிடித்தேன், மூடியை நீ தூக்கினாய். கம்பு நட்டோம். வீட்டுக்குள் போய் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்தோம். மழை என்று பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டுவிட்டது நமக்குத் தெரியாது.

சுடலை அண்ணாச்சி கடைப் பலகை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். செல்வி ரோட்டிலிருந்து இறங்கி வந்தாள். தலையில் கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்து, "ஏ வாத்துக்குட்டி, நீந்தியா வந்தே?" என்று கேட்டாராம். "ஆமா பெரியப்பா, உங்க கடையும் நீந்துது" என்று பதில் சொன்னாளாம். அவர் சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைக்கக் குனிந்தார். அவள் பழகினபடி நடுவில் நடந்தாள். அவர் நிமிர்ந்தபோது கொங்காணி மட்டும் தண்ணீர் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பைக் காணோம். அது எப்போது போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் போட்ட சத்தத்தில்தான் நாம் வெளியே வந்தோம். மறுநாள் நாலா திரும்புகிற இடத்தில் அவள் கிடைத்தாள். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். விதி என்றால் ஏன் மாதுங்கா பங்களாக்கள் இருக்கிற தெருவில் அது வரவில்லை என்று கேட்டேன். முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு தாள் வந்தது. எங்கள் மேல் எந்தப் பொறுப்பும் இல்லை, ஆனாலும் கருணை கூர்ந்து ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போடவும் என்று எழுதியிருந்தது. நான் போடவில்லை. உன் அம்மா அன்றைக்கு, "காசும் வேண்டாம், கேஸும் வேண்டாம், நீங்க வீட்ல இருங்க போதும்" என்று அழுதாள். நான் வீட்டில் இருக்கவில்லை. பட்டறை விட்டால் வக்கீல் வீடு, வக்கீல் வீடு விட்டால் கோட்டைப் பகுதி நடைபாதையில் பழைய சட்டப் புத்தகம் விற்கிறவன். நீயும் அவளும் தனித்தனியாக அழுதிருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: "எங்கள் தவறு" என்று அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல். நஷ்ட ஈடு என்பது அந்தச் சொல்லுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

நம் வக்கீல் பாலக்காட்டுக்காரர், நல்ல மனுஷர். என்னைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நீயும் என் பின்னால் நின்றாய். "இதோ பாருங்கோ, முனிசிபாலிட்டி ஒரு காரியத்தைச் செய்யாம விட்டா கோர்ட்டு லேசில கை வெக்காது" என்றார். "ரோட்டைச் செப்பனிடலை, சாக்கடையத் தூர் வாரலை, அதெல்லாம் செய்யாத குத்தம். அதுவே, அவா ஆளே வந்து மூடியத் தொறந்து போட்டுட்டு அப்படியே போயிட்டான்னு வையுங்கோ, அது செஞ்ச குத்தம். அப்போ பிடிச்சுக்கலாம். இங்கிலாந்தில அப்படித்தான். ஆஸ்திரேலியாவில இன்னும் கறாரா எழுதியிருக்கா." அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இறக்கி விரலை ஓட்டிக் காட்டினார். ஆஸ்திரேலியா என்ற பெயரை நீயும் நானும் முதலில் கவனித்தது அந்தப் பக்கத்தில்தான். நான் கேட்டேன்: "அப்போ சும்மா இருந்தவன் தப்பிச்சுக்கிடுவான், வேலை செஞ்சவன் மாட்டிக்கிடுவானா சார்?" அவர், "ஓய், சட்டத்தை நானா எழுதினேன்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். "மூடியத் தொறந்தது யாரு?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அண்ணாச்சி கடை முன்னால் சந்தே கூடியது. "என்னவே யோசனை? முனிசிபாலிட்டி ஆளுவதான் தொறந்தாவன்னு நாங்க சொல்லுதோம்" என்றார் அண்ணாச்சி. "எம்புள்ளயா இருந்தா நீரு சொல்ல மாட்டீரா?" ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். கூலிக்குப் போகிறவர்கள், ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்தால் ஒரு நாள் அடுப்பு எரியாது. ஆனாலும் வருகிறோம் என்றார்கள். நீ சுவரில் சாய்ந்து நின்றாய். ஒன்றும் சொல்லவில்லை. நீ ஒத்துக்கொண்டாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் வக்கீலிடம் போய், "அவங்க ஆளுங்கதான் தொறந்தாங்க" என்றேன். அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

அதைப் பொய் என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர்கள் தூர் வாரியிருந்தால் நாம் ஏன் கடப்பாரையைத் தொடப் போகிறோம்? வாராமல் விட்டது எதுவோ அதுதான் நம் கையைப் பிடித்து அந்த மூடியைத் தூக்க வைத்தது. கோர்ட்டுக்குப் புரிகிற பாஷையில் அதைச் சொன்னேன், அவ்வளவுதான். நீ என்ன படித்துவிட்டு வந்து என்ன சொன்னாலும் இதில் நான் அசைய மாட்டேன்.

தாதரிலிருந்து டிராமில் கோர்ட்டுக்குப் போவோம், நினைவிருக்கிறதா? அண்ணாச்சி சாட்சிக்காரர்கள் எல்லோருக்கும் கடையிலிருந்து வெற்றிலை மடித்து எடுத்து வருவார். முதலில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்க்கட்சி வக்கீல் கடுமையாகப் பேசுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நஷ்ட ஈடு என்றால் நஷ்டம் என்னவென்று காட்ட வேண்டுமாம். இறந்தவர் குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தாரா என்று கேட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்றேன். அப்படியென்றால் அவளால் வீட்டுக்கு என்ன பயன் இருந்தது என்று கேட்டார். "குழாயில் தண்ணீர் பிடித்து வைப்பாள்" என்றேன். குமாஸ்தா அதை எழுதினான். என் மகள் அந்தக் கோர்ட்டுக் காகிதத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறவளாகவே இருக்கிறாள். வாத்துக்குட்டி என்று ஒருவர் கூப்பிட்டதும், உங்கள் கடையும் நீந்துகிறது என்று அவள் திருப்பிச் சொன்னதும் அதில் இல்லை.

சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி, முனிசிபாலிட்டி ஆட்கள்தான் மூடியைத் திறந்தார்கள் என்று சொன்னார்கள். பிறகு முகாதம் வந்தார். நம் பகுதியில் துப்புரவு ஆட்களை வேலை வாங்குகிற அந்த மராட்டிக்காரர். அண்ணாச்சி கடையில் எத்தனையோ நாள் நம்மோடு நின்று டீ குடித்தவர். தூர் அள்ளிப் போட ஆபீஸில் வண்டியே தரவில்லை, இந்த வருஷமும் உங்கள் கட்டரைத் தொடவில்லை என்று மழைக்கு முன்னால் அவர்தான் என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். கூண்டில் ஏறியதும் தரையைப் பார்த்தார். "சாஃப் கியா தா, சாப்" என்றார். சுத்தம் செய்தோம் ஐயா. அவ்வளவுதான். இறங்கிப் போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு நீ. காலையில் வார்டு ஆபீஸுக்கு ஓடியவன் நீ என்பதால் உன்னைக் கூப்பிட்டோம். அதை மட்டும் சொல்லிவிட்டு நீ இறங்கியிருக்க வேண்டும். எதிர்க்கட்சி வக்கீல் அதே மெதுவான குரலில் கேட்டார். ஆபீஸுக்குப் போனாய், ஆட்கள் உன்னோடு வந்தார்களா? வரவில்லை. பிறகு வந்தார்களா? வரவில்லை. அப்படியானால் மூடியைத் திறந்தது யார், தம்பி? நீ என்னைப் பார்த்தாய். பேசி வைத்ததைச் சொல் என்று நான் உன்னைப் பார்த்துத் தலையை அசைத்தேன். அண்ணாச்சி வாயில் வெற்றிலையோடு மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். நீ, "நாங்கதான்" என்றாய். "நாங்க என்றால்?" "அப்பா கடப்பாரையைப் பிடிச்சாங்க. நான் தூக்கினேன்." "குழிக்குப் பக்கத்தில் யார் நின்றது?" "யாரும் நிக்கல." அந்தக் கடைசிப் பதிலை யாரும் உன்னிடமிருந்து பிடுங்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நீயாகத்தான் சொன்னாய்.

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. ஜட்ஜ் அனுதாபம் தெரிவித்தார். சந்துக்காரர்கள் முகத்தை நான் பார்க்க முடியவில்லை. எனக்காக அடுப்பை அணைத்துவிட்டு வந்து சாமி மேல் ஆணையிட்டுச் சொன்ன அத்தனை பேரையும் நீ ஒரு சொல்லில் பொய்யர்கள் ஆக்கினாய். அன்று திரும்பும்போது டிராமில் அண்ணாச்சி உன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்பலகையில் போய் நின்றுகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

நீ எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். படித்தாய், எஞ்சினியர் ஆனாய், அதிலும் சாக்கடைக் கட்டுமானத்தை எடுத்துப் படித்தாய். அது ஏன் என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? அரசாங்கம் படிப்புதவி கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. நீ கப்பல் ஏறிய அன்று நான் ஷிப்டுக்குப் போனேன். உன் அம்மாவும் அண்ணாச்சியும் துறைமுகத்துக்கு வந்தார்கள். நீ வெகுநேரம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய் என்று அண்ணாச்சி வந்து சொன்னார். "எதைத் தேடுனான்னு கேளும்வே" என்றார். நான் கேட்கவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ வேலை பழகுகிற கவுன்சில், அதாவது அந்த ஊர் முனிசிபாலிட்டி, ரோட்டோரம் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியது. சாயங்காலம் ஆட்கள் போகும்போது சிவப்பு விளக்கு வைக்க வேண்டும். இருட்டுவதற்கு முன்னால் நீ அந்த வழியாக வந்தாய், விளக்கு இல்லை. மேஸ்திரியைக் கேட்டாய். விளக்கு பற்றாக்குறை, நாளைக்குப் பார்க்கலாம் என்றான். அன்றைக்கே தனியாக வாழ்கிற ஒரு கிழவி அதில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அவள் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். விளக்கு வைத்தோம், எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று கவுன்சில் சொல்கிறது. உன் மேலதிகாரி உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீயாகப் போய் நின்றால் ஒழிய உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், இன்னும் கொஞ்ச மாதத்தில் நல்ல சான்றிதழோடு ஊருக்குப் போகப் போகிறாய் என்று சொன்னார். கோர்ட்டில் போய்ச் சொல்லவா வேண்டாமா என்பதுதான் உன் கடைசி வரி. அவர் கெட்டவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன், உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நீங்கள்தானே சொல்வீர்கள் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அதைச் சொல்கிறவன் இந்த வீட்டில் நான். உன் அம்மா பழமொழி சொல்லி நீ எப்போது கேட்டாய்?

நினை. சோறு போட்டவரை நான் மறக்கச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கே போ, அவர் மேஜையிலேயே உட்கார்ந்து, நான் போய்ச் சொல்லப் போகிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போ. எனக்கு அன்றைக்கு நீ அதைக்கூடச் செய்யவில்லை. கூண்டில் ஏறுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். "அப்பா, என்னால் முடியாது" என்று சொல்லியிருந்தால் உன்னைக் கூப்பிடாமல் விட்டிருப்பேன். உன்னை நான் குறை சொல்லவில்லை என்று நினைத்துவிடாதே, குறை சொல்கிறேன். முன்னால் சொல்லாமல் என்னைக் கூட்டத்தில் உட்கார வைத்தாயே, அதற்கு.

தீர்ப்புக்குப் பிறகு அந்த முகாதம் ஒருநாள் நம் வாசலில் வந்து நின்றார். நீ வீட்டில் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "க்யா கரூம் பாய், பால்பச்சேவாலா ஆத்மி ஹூம்" என்றார். பிள்ளைகுட்டிக்காரன், நான் என்ன செய்வேன் என்று. உன் அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். செல்வி இருந்தால் அவள் பிடித்து வைத்திருப்பாள். நான் கதவைச் சாத்தினேன். அவருக்கும் சோறு போடுகிற மேலதிகாரி ஒருவர் இருந்தார். அவரும் கெட்டவர் இல்லை.

நான் யோசித்துப் பார்த்தது இதுதான், இசக்கி. எனக்குச் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. சந்து முழுக்க வந்தது. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் நூறு பேர் சொன்னாலும் அது நம் பக்கத்துப் பேச்சு. எனக்கு வேண்டியிருந்தவன் எதிர்ப் பக்கத்தில் ஒரே ஒருவன். கட்டரைத் தொடவில்லை, வண்டி கேட்டோம் தரவில்லை என்று எழுந்து சொல்கிற ஒருவன். அவன் சொல்லியிருந்தால், மூடியை நாங்கள்தான் திறந்தோம் என்று நானே முதலில் சொல்லியிருப்பேன். எதற்காகத் திறந்தோம் என்பதையும் அந்தக் கோர்ட்டு கேட்டிருக்கும். சந்து பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது. நீயும் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்காது. அந்த ஒருவனுக்காக ஆபீஸ் படி எல்லாம் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை.

அவன் இப்போது கிடைத்திருக்கிறான். வேறு தேசத்தில், வேறு ஒரு கிழவிக்கு. நீ நிற்கிற இடம் அந்த முகாதம் நின்ற இடம். வக்கீல் அன்றைக்கு விரலை ஓட்டிக் காட்டிய புத்தகம் நீ இப்போது இருக்கிற ஊர்ப் புத்தகம். அதன்படி பார்த்தால் பள்ளத்தைத் தோண்டியது அவர்களே. செய்யாத குற்றம் என்று தப்பிக்க முடியாது. சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

போய்ச் சொல். விளக்கு இல்லை என்று சொல். மேஸ்திரி சொன்ன பதிலையும் சொல், அவனுக்கு விளக்கு தராதவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல், அவனை மட்டும் மாட்டிவிடாதே. சான்றிதழ் தராவிட்டால் தராமல் போகட்டும். பம்பாயில் சாக்கடைக்கா பஞ்சம்? அந்த ஊர்க்காரர்கள் உன்னை யாருக்குப் பிறந்தவன் என்று வேண்டுமானாலும் சொல்வார்கள். அந்தச் சொல்லை நீ ஏற்கெனவே கேட்டிருக்கிறாய். அதை விடப் பெரிதாக அவர்கள் சொல்ல ஒன்றும் இல்லை.

இங்கே இந்த வருஷமும் தூர் வாரவில்லை. முந்தாநாள் தண்ணீர் ஏறிற்று, மூடியைத் தூக்கினோம். செல்வி போனதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கம்பை நட்டுவிட்டு நான் போவதில்லை. தண்ணீர் வடிகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன். உன் அம்மாதான் தனியாக வீட்டுத் தண்ணீரை இறைக்கிறாள். பட்டறைக்குப் போகாத நாளும் உண்டு. முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை, அண்ணாச்சி ஸ்டூல் கொண்டுவந்து போடுகிறார். சந்துப் பிள்ளைகள் எனக்குச் சிக்னல் தாத்தா என்று பெயர் வைத்திருக்கின்றன. முந்தாநாள் ஒரு பெண் குழந்தை, கொங்காணி போட்டுக்கொண்டு, பழகினபடி நடுவிலேயே வந்தது. நான் கம்பைக் குறுக்கே நீட்டினேன். "தாத்தா, சிக்னல் பச்சையா சிவப்பா?" என்று கேட்டது. கம்பின் தலையில் இருந்த சிவப்புத் துணியைக் காட்டினேன். அதுவாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனது.

உன் அம்மா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். அந்தக் கிழவிக்கு இடுப்புக் கூடிற்றா, பக்கத்தில் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து எழுத வேண்டுமாம்.

பதிலை என் பெயருக்கு எழுது. வாசிக்கிறவன் எப்படியும் நான்தான்.

அப்பா